நூல் நீளாது, துணி நீளும்

பருத்தி நூல் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால், தன் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு நீள்வதற்குள் பெரும்பாலும் அறுந்துவிடும். அதே பருத்தி நூலால் ஆன பனியன், தலையையும் தோளையும் தாண்டி இறங்கும்போது நன்றாக விரிந்துகொடுத்து, உடம்பில் படிந்ததும் ஏறக்குறையப் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. அதே நூலில் நெய்த வேட்டியை நீளவாக்கிலோ அகலவாக்கிலோ இழுத்துப் பாருங்கள், அசைந்துகொடுக்காது. மூன்றிலும் நூல் ஒன்றுதான். அப்படியானால் பனியனின் நெகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? நூல் கிடக்கும் வடிவத்திலிருந்து வந்தது. நெசவில் பாவும் ஊடும் ஏறத்தாழ நேராக ஓடுகின்றன. வேட்டியை இழுக்கும்போது நாம் நூலையே இழுக்கிறோம். பின்னலில் நூல் எங்கும் நேராக ஓடுவதில்லை. வளைந்து வளைந்து கண்ணிகளாக நிற்கிறது; ஒரு வரிசைக் கண்ணிக்குள் அடுத்த வரிசைக் கண்ணி நுழைந்து நிற்கிறது. துணியை இழுக்கும்போது வளைவுகள் சற்று நிமிர்கின்றன, விட்டதும் மறுபடி வளைகின்றன. நூலின் நீளம் மாறுவதே இல்லை.

பின்னல் ஊசியையோ குரோஷா ஊசியையோ முதல்முறையாக வாங்கிவந்து உட்கார்ந்திருப்பவருக்கு இந்த இயற்பியல் எதற்கு? வழக்கமான பயிற்சி கை அசைவில்தான் தொடங்குகிறது: ஊசியை இங்கே நுழை, நூலை இப்படிச் சுற்று, வெளியே இழு. அசைவைப் பார்த்துச் செய்துவிட முடியும். ஆனால் நாலாவது வரியில் கண்ணிகள் இருபதிலிருந்து இருபத்துமூன்றாகப் பெருகி நிற்கும்போது, என்ன நடந்தது என்று அந்த அசைவுக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியது ஊசியில் தொங்கும் துணி மட்டும்தான், அதைப் படிக்கத் தெரிந்தால். ஆகவே இந்த அத்தியாயத்தின் வாதம் இது: தொடக்கநிலையில் இருப்பவர் முதலில் கற்க வேண்டியது ஒரே ஒரு கண்ணியின் அமைப்பை. அது பிடிபட்டுவிட்டால் எந்த நூல், எந்த ஊசி, நிட்டிங்கா குரோஷாவா, துணி ஏன் சுருள்கிறது, அளவு ஏன் தப்புகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் தனித்தனியாக விதி மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இந்த அமைப்பை இயற்பியலாளர்கள் தீவிரமாக எடுத்துக்கொண்டது ஓரளவுக்கு அண்மையில்தான். 2018-இல் பிரான்ஸைச் சேர்ந்த சாமுவேல் புவான்க்ளூ, மொக்தார் அடா-பெதியா, ஃபிரெடெரிக் லெஷனோ ஆகிய மூவர், நைலான் இழையால் பின்னிய துணியை இழுத்து, ஒவ்வொரு கண்ணியும் எப்படி உருமாறுகிறது என்று அளந்து, 'பிசிக்கல் ரிவ்யூ எக்ஸ்' ஆய்விதழில் எழுதினார்கள். துணியின் நடத்தையை விளக்க அவர்களுக்கு மூன்றே விஷயங்கள் தேவைப்பட்டன. வளைந்த நூல் நிமிரப் பார்க்கும், எனவே வளைவு ஒவ்வொன்றிலும் ஆற்றல் தேங்கியிருக்கிறது. நூலின் மொத்த நீளம் மாறாது. எந்தக் கண்ணி எதற்குள் நுழைந்திருக்கிறதோ அந்தப் பிணைப்பும் மாறாது. இந்த இரண்டு கட்டுப்பாட்டுக்குள் நூல் தன் வளைவாற்றலை எவ்வளவு குறைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு குறைத்துக்கொள்ளும் வடிவம்தான் நாம் காணும் துணி. பின்னுகிற கை செய்வதும் இவ்வளவுதான்: நூலை வளைக்கிறது, ஒரு கண்ணிக்கு எவ்வளவு நீளம் என்று தீர்மானிக்கிறது, எதற்குள் எது நுழைய வேண்டும் என்று முடிவுசெய்கிறது. மற்றதை நூல் பார்த்துக்கொள்கிறது.

கண்ணியைப் பார்க்க ஊசிகூட வேண்டாம். வீட்டில் இருக்கும் டி-ஷர்ட் ஒன்றை வெளிச்சத்தில் விரித்து, பூதக்கண்ணாடி வழியாகப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் ஆங்கில 'வி' எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்பதுபோன்ற நெடுக்கு வரிசைகள் தெரியும். ஒவ்வொரு 'வி'யும் ஒரு கண்ணியின் இரண்டு கால்கள். உட்பக்கத்தைத் திருப்பினால் அந்தக் கால்கள் மறைந்து, கண்ணிகளின் தலைகளும் பாதங்களும் குறுக்கே சிறு புடைப்புகளாக வரிசைகட்டி நிற்கும். கையால் பின்னுபவர்கள் நிட் என்றும் பர்ல் என்றும் இரண்டு தையல்களாகக் கற்பது இந்த ஒரே கண்ணியின் இரண்டு முகங்களைத்தான். புதிய கண்ணியைப் பழைய கண்ணியின் பின்னாலிருந்து முன்னால் இழுத்தால் நிட். முன்னாலிருந்து பின்னால் தள்ளினால் பர்ல். ஒருபுறம் நிட்டாகத் தெரிவது துணியைத் திருப்பினால் பர்லாகத் தெரியும். இதைக் கண்ணால் பார்த்துவிட்ட ஒருவருக்குப் 'பர்ல் கஷ்டம்' என்ற பயம் பாதி குறைந்துவிடும்.

அந்த டி-ஷர்ட் பழையதாக இருந்தால் கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டிப் பாருங்கள். அடிப்பக்க ஓரம் உடனே வெளிப்புறமாகச் சுருளும். பக்கவாட்டில் வெட்டிய ஓரம் உட்புறமாகச் சுருளும். பனியன் கம்பெனிகளில் துணி வெட்டுபவர்களுக்கு இது தினசரி வேலைத்தொல்லை. கைப்பின்னலில் புதிதாக இறங்கியவர், தான் பின்னிய முதல் மஃப்ளர் குழாயாகச் சுருட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து, கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். கையில் குறை எதுவும் இல்லை. எல்லாக் கண்ணியும் ஒரே திசையில் இழுக்கப்பட்டிருப்பதால் துணியின் முன்பக்கமும் பின்பக்கமும் சமமாக இல்லை. வளைந்த நூல் நிமிரத் தேடும் வழி ஓரங்களைச் சுருட்டுகிறது. இஸ்திரிப்பெட்டி வைத்துத் தேய்த்தாலும் தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவைத்தாலும் அது முழுக்கப் போகாது. போக்க வேண்டுமென்றால் அமைப்பை மாற்ற வேண்டும். ஒரு வரி முன்முகமாகவும் அடுத்த வரி பின்முகமாகவும் மாறிமாறி வரச் செய்தால் இரண்டு பக்கத்தின் இழுவையும் சமமாகி, துணி தட்டையாகக் கிடக்கும். இதுதான் கார்ட்டர் பின்னல். இரண்டு ஊசியில் முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பின்னும்போது, எல்லா வரியையும் நிட்டாகவே போட்டால் தானாக வருவது இது. தொடக்கத்தில் கார்ட்டரில் மஃப்ளரோ சமையலறைத் துணியோ பின்னச் சொல்வதற்கு அது எளிது என்பது ஒரு காரணம். சுருளாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இனி நெடுக்குவாக்கில் மாற்றிப்பாருங்கள்: ஒரு வரிசை நிட், பக்கத்து வரிசை பர்ல். நிட் வரிசைகள் முன்னே வரும், பர்ல் வரிசைகள் பின்னே ஒதுங்கும், துணி அகலவாக்கில் தானே மடிந்து குறுகும். இழுத்தால் அந்த மடிப்புகள் விரியும். டி-ஷர்ட்டின் கழுத்துப்பட்டியிலும் ஸ்வெட்டரின் மணிக்கட்டிலும் இருக்கும் ரிப் இதுதான். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியலாளர் எலிசபெட்டா மாட்சுமோட்டோவும் அவருடைய குழுவினரும் 2024-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, நிட், பர்ல் இரண்டை மட்டும் வெவ்வேறாக அடுக்கிய நான்கு துணிகளை ஒப்பிட்டது. ஒரு பக்கம் முழுக்க நிட்டாகத் தெரியும் ஸ்டாக்கினெட் மற்றவற்றைவிட விறைப்பாக நின்றது. ரிப் அகலவாக்கில் அதிகம் நீண்டது, கார்ட்டர் நெடுக்குவாக்கில். நிட்டும் பர்லும் சதுரங்கக் கட்டம்போல் மாறிமாறி வரும் சீட் பின்னல் இரண்டு திசையிலும் இளகிக்கொடுத்தது. ஒரே நூல், அதே இரண்டு கண்ணி முகம். அடுக்கு மாறியதும் துணியின் குணமே மாறிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட தொடக்கநிலையாளர், ஒரு பேட்டர்னில் மணிக்கட்டுக்கு ஏன் ரிப் கேட்கிறார்கள் என்று வியக்க மாட்டார். அது இல்லாத பேட்டர்னில் தானே சேர்த்துக்கொள்வார்.

குரோஷாவுக்கும் அடிப்படை கண்ணிதான், ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நிட்டிங்கில் ஒரு வரியின் எல்லாக் கண்ணிகளும் இன்னும் பூட்டப்படாமல் ஊசியில் காத்திருக்கின்றன. இருபது கண்ணி அகலமுள்ள துணி என்றால் இருபது திறந்த வாய்கள். அதில் ஒன்று ஊசியிலிருந்து நழுவினால், அதைத் தாங்கியிருந்த கண்ணியும், அதற்கும் கீழே இருந்ததுமாக வரிசை நெடுகிலும் ஏணிபோல் பிரிந்துகொண்டே இறங்கும். குரோஷாவில் எந்த நேரத்திலும் திறந்திருப்பது கொக்கியில் இருக்கும் ஒரே கண்ணி. மற்றவை எல்லாம் கீழே உள்ள கண்ணியோடும் பக்கத்தில் உள்ள கண்ணியோடும் பூட்டிக்கொண்டுவிட்டன. கொக்கி நழுவினால் அந்த ஒரு கண்ணியை மறுபடி மாட்டிக்கொண்டு தொடரலாம். தப்பு தெரிந்தால் நூலை இழுத்துப் பத்துத் தையலைப் பிரித்துவிட்டு அங்கிருந்தே மீண்டும் போடலாம். தொடக்கத்தில் தப்பின் விலை குறைவாக இருப்பது கற்பவருக்குப் பெரிய உதவி. அந்தக் காரணத்தால், இரண்டையும் அறியாதவர் குரோஷாவில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

ஆனால் அந்தப் பூட்டுக்கு ஒரு விலை உண்டு. பக்கவாட்டிலும் மேலும் கீழும் பிணைந்த கண்ணி நிமிர இடமில்லை. குரோஷா துணி நிட்டிங்கைவிடத் தடிப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும், அதே பரப்புக்கு நூலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவாகும். பை, பொம்மை, மேசை விரிப்பு, தொப்பி, லேஸ் ஆகியவற்றுக்கு அந்த உறுதி தேவை. உடம்போடு ஒட்டி அசைய வேண்டிய சாக்ஸ், ஸ்வெட்டர் ஆகியவற்றுக்கு நிட்டிங்கே பொருத்தம். எனவே 'எது எளிது' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'எனக்கு வேண்டிய பொருள் இழுபட வேண்டுமா, உருக்குலையாமல் நிற்க வேண்டுமா' என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. நிட்டிங் கற்பவரும் ஒரு குரோஷா ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏணியாகப் பிரிந்து இறங்கிய கண்ணியை அடியிலிருந்து ஒவ்வொரு படியாகக் கொக்கியால் மேலே ஏற்றிக் கொண்டுவந்து ஊசியில் மாட்டிவிடலாம். இதை ஒருமுறை வேண்டுமென்றே செய்துபார்ப்பது, ஒரு கண்ணியை நழுவவிட்டு நாலு வரி பிரியவைத்து மறுபடி கட்டுவது, எந்தப் பாடத்தையும்விட அதிகம் கற்றுத்தரும்.

இங்கே ஒரு நேர்மையான ஆட்சேபம் எழும். தலைமுறை தலைமுறையாகப் பின்னிய பெண்கள் வளைவாற்றலையா படித்தார்கள்? எகிப்தில் கிடைத்த, நீலமும் வெள்ளையுமாகப் பின்னிய பருத்திக் காலுறைகள் பல நூற்றாண்டு பழையவை. 1840-களின் பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்கள் குரோஷா லேஸ் பின்னிக் குடும்பத்துக்குச் சோறு போட்டார்கள். ஆந்திராவின் கோதாவரிக் கழிமுகத்தில் நரசாபுரம் சுற்றுவட்டாரப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உலகச் சந்தைக்குக் குரோஷா லேஸ் பின்னினார்கள். அவர்களுடைய உழைப்புக்குக் கிடைத்த அற்பக் கூலியைப் பற்றி சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் எழுதிய நூல் இன்றும் படிக்கத்தக்கது. இவர்களில் யாருக்கும் கோட்பாடு தேவைப்படவில்லையே? உண்மை, சமன்பாடு தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் கண்ணியைப் பார்க்கத் தெரிந்தவர்கள். தாய்க்கும் பாட்டிக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, பிழை விழும் கணத்திலேயே இன்னொரு விரல் நீண்டு 'இதில் நுழைத்திருக்கிறாய், அதில் நுழை' என்று காட்டியதால் அந்தப் பார்வை வந்தது. இன்று தனியாக, திரையைப் பார்த்துக் கற்பவருக்கு அந்த விரல் இல்லை. திரையில் வரும் கை எப்போதும் சரியாகவே பின்னுகிறது. நம் துணியில் விழுந்த பிழையை அது பார்க்கவே முடியாது. பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தைத்தான் அமைப்பைப் பற்றிய அறிவு நிரப்ப வேண்டியிருக்கிறது.

இருபது கண்ணி இருபத்துமூன்றாகிற அந்தப் பிழையையே எடுத்துக்கொள்வோம். நிட்டிங்கில் துணியைத் திருப்பிப் புது வரி தொடங்கும்போது, நூல் ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் போய்விட்டால், ஓரத்துக் கண்ணி மேலே இழுபட்டு அதன் இரண்டு காலும் ஊசியின்மேல் ஏறி நிற்கும். பார்ப்பவருக்கு இரண்டு கண்ணிபோல் தெரியும், அவர் இரண்டிலும் பின்னுவார், ஒன்று கூடிவிடும். நாலைந்து வரியில் சதுரம் விரிந்த பாவாடையாகிவிடும். ஒரு கண்ணிக்கு இரண்டு கால், அவை கீழே ஒரே கழுத்தில் சேர்கின்றன என்று பார்த்தவர், திருப்பிய உடன் நூலை ஊசிக்குக் கீழே கொண்டுவருவார், பிழை அங்கேயே நிற்கும். நடுத்துணியில் திடீரென்று ஓட்டை விழுந்தால் காரணம் வேறு: நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிக்கும் இடையே கொண்டுவராமல் ஊசிக்கு மேலே சுற்றியிருப்பார்கள். குரோஷாவில் பிழை எதிர்த்திசையில் வரும்: வரியின் கடைசித் தையல் ஓரத்தோடு ஒட்டிக் கிடப்பதால் கண்ணில் படாமல் தப்பிவிடும், வரிக்கு வரி ஒன்று குறையும், துணி சரிவகமாகக் குறுகும். வரி முடிந்ததும் எண்ணுவது நல்ல பழக்கம்தான்; ஆனால் எண்ணிக்கை பிழை இருப்பதை மட்டும் சொல்லும், எங்கே என்பதைக் கண்ணியின் உருவம்தான் சொல்லும்.

கை பழகுவதற்குத் தனி நேரம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. உளவியலாளர்கள் பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் 1967-இல் வகுத்துக் காட்டிய மூன்று கட்டங்கள் இங்கே நன்றாகப் பொருந்தும்: முதலில் ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்கிறோம், பிறகு அசைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன, கடைசியில் யோசிக்காமலே கை செய்கிறது. முதல் கட்டத்தில் மூளை முழுக்க அசைவிலேயே இருக்கும்போது பிழையைத் தேடப் பிரித்துக்கொடுக்க இடமிருக்காது. அதனால்தான் துணியைப் படிப்பதைத் தனியாக, ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் செய்ய வேண்டும். ஒரு வரி பின்னுவது, நிறுத்திப் பார்ப்பது, மறுபடி பின்னுவது. ஒரே நாளில் நாலு மணிநேரம் பின்னிக் கைவலி வாங்குவதைவிட, நாலு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுவது நல்லது.

கண்ணிகள் ஒரே அளவாக விழ வேண்டுமென்றால் நூல் கையில் ஒரே இழுவையோடு வர வேண்டும். புதியவர் எல்லா நூலையும் இறுக்கிப் பிடிக்கிறார், அல்லது விட்டுவிடுகிறார். அனுபவசாலியின் நூல் சுண்டுவிரலைச் சுற்றி, நடுவிரல்களுக்கு இடையே நுழைந்து, ஆள்காட்டி விரலுக்கு மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு அழகான கணக்கு இருக்கிறது. உருளை ஒன்றைச் சுற்றிய கயிற்றின் இரு முனை இழுவைகளின் விகிதம், சுற்றின் கோணத்தோடு பெருக்கல் முறையில் வளர்கிறது என்று கணிதவியலாளர் ஆய்லர் பெயரால் வழங்கும் சூத்திரம் சொல்கிறது. உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்று இழுவையை ஏறக்குறைய 6.6 மடங்காக்கும், இரண்டு சுற்று 43 மடங்காக்கும். துறைமுகத்தில் இரும்புக் குற்றியைச் சில சுற்று சுற்றிய கயிற்றால் ஒரே ஆள் பெரிய கப்பலைப் பிடித்து நிறுத்துவதும் இதே சூத்திரத்தால்தான். பின்னுகிறவருக்கு இதில் இருக்கும் செய்தி நடைமுறை சார்ந்தது: இழுவை கூடவேண்டுமென்றால் விரலை இறுக்காதீர்கள், சுற்றைக் கூட்டுங்கள். அதிகமாக இறுகுகிறதா, அரைச்சுற்று குறையுங்கள். இறுக்கிப் பிடித்த விரல் சோர்ந்துபோய் வரிக்கு வரி மாறும். சுற்றின் கோணம் மாறாது.

ஊசிக்கும் நூலுக்கும் இதே தர்க்கம்தான். பளபளப்பான உலோக ஊசியில் கண்ணி வழுக்கும். மூங்கில் ஊசியில் உராய்வு கூடுதல், கண்ணி இருந்த இடத்தில் நிற்கும். வேகம் பிடித்தவருக்கு உலோகம் பிடிக்கலாம், தொடக்கத்துக்கு மூங்கிலே நல்லது. தடிமன் 4 முதல் 5 மில்லிமீட்டர். நூல் நடுத்தரத் தடிமனாக, வழவழப்பாக, வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது. ரோமம் சிலிர்த்து நிற்கும் நூலில் கண்ணி மறைந்துபோகும், பிரிக்கவும் வராது. கடையில் இருப்பதிலேயே அழகான நூல் பெரும்பாலும் கற்பதற்கு மோசமான நூல் என்பதை மட்டும் மனதில் கொள்ளலாம். ஆட்டுரோம நூல் அலையலையாக நெளிந்த இழைகளால் ஆனது, தன்னாலேயே நீண்டு மீளக்கூடியது. கை செய்யும் சின்னச்சின்ன ஏற்றத்தாழ்வை அது ஈடுகட்டிவிடும். பருத்திக்கு அந்தத் தாராளம் கிடையாது, கை தவறினால் அப்படியே காட்டிக்கொடுக்கும். நிட்டிங்கில் விரலுக்கும் சோர்வு தரும். அக்ரிலிக் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, விலை குறைவு, துவைக்க எளிது. பயிற்சிக்கு அக்ரிலிக், பிறகு நம் வெயிலில் பயன்படும் பொருளுக்குப் பருத்தி என்று போவது சரியாக இருக்கும். குரோஷாவுக்கு மட்டும் பருத்தியிலேயே தொடங்கினாலும் கெடுதி இல்லை, ஏனென்றால் அங்கே நெகிழ்ச்சியை நாம் எதிர்பார்ப்பதில்லை.

வெயில் என்றதும் அடுத்த ஆட்சேபம் வரும். இந்த ஊர் வெக்கையில் யார் ஸ்வெட்டர் போடுவார்கள், பனியன் வேண்டுமென்றால் திருப்பூர் இருக்கிறதே? இதற்கு முழுமையான பதில் சொல்ல வேண்டுமென்றால் இயந்திரத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துத்தான் சொல்ல வேண்டும். 1589-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியைச் சேர்ந்த வில்லியம் லீ பின்னல் சட்டகத்தைச் செய்தார். ஒரு வரியின் எல்லாக் கண்ணியையும் ஒரே நேரத்தில் போடும் கருவி அது. 1847-இல் லெஸ்டரின் மேத்யூ டவுன்செண்ட் கொக்கிக்கு ஒரு சிறு தாழ்ப்பாள் வைத்த ஊசியை உருவாக்கினார். அந்த ஊசி மேலே ஏறும்போது பழைய கண்ணி தாழ்ப்பாளைத் தாண்டிக் கீழே போகிறது, கொக்கி புது நூலைப் பிடிக்கிறது. இறங்கும்போது பழைய கண்ணியே தாழ்ப்பாளை மூடிவிட்டு, புது நூலின்மேல் வழுக்கிக் கழன்றுகொள்கிறது. திருப்பூரின் வட்டப் பின்னல் இயந்திரங்களில் இன்றும் ஓடுவது அதன் வழிவந்த ஊசிகள்தான். 30 அங்குல விட்டமும் 24 கேஜும் (அங்குலத்துக்கு 24 ஊசி) உள்ள ஓர் இயந்திரத்தின் சுற்றளவில் ஏறக்குறைய 2,260 ஊசிகள் நிற்கும். கையால் அங்குலத்துக்கு ஐந்தாறு கண்ணி போடுகிறவர் இதனோடு மெல்லிய பனியன் துணியில் போட்டியிட முடியாது, முயலவும் வேண்டாம்.

கையின் இடம் வேறு. வட்ட இயந்திரம் குழாயாகத் துணி தரும், அதை வெட்டித் தைக்க வேண்டும், வெட்டுத் துணி வீணாகும். கை பின்னும்போதே கண்ணியைக் கூட்டிக் குறைத்து வேண்டிய உருவத்தைக் கொண்டுவருகிறது; வெட்டுத் துணியே இல்லை. குரோஷாவில் வித்தியாசம் இன்னும் கூர்மையானது. அதன் ஒவ்வொரு தையலும் வெவ்வேறு திசையிலிருந்து கொக்கியை நுழைத்துப் பலமுறை சுற்றி இழுப்பதால், அதைச் செய்யும் இயந்திரம் ஆய்வகத்தைத் தாண்டி ஆலைக்குள் பெரிதாக வரவில்லை. சந்தையில் உண்மையான குரோஷா ஆடை மலிவாகத் தொங்கினால், எங்கோ ஒருவர் கை குறைந்த கூலிக்கு அதைப் போட்டிருக்கிறது என்றே பொருள். ஒரு சின்ன மேசை விரிப்பைத் தானே பின்னிப்பார்த்தவர் அந்த விலைச்சீட்டை வேறு கண்ணோடு பார்ப்பார். இந்தக் கலையைக் கற்பதற்கு இதுவே போதுமான காரணம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

பயிற்சிக்குப் பிறகு உடுத்தும் பொருளை எடுக்கும்போது எல்லோருக்கும் ஒரே இடத்தில் பொறுமை போய்விடுகிறது: மாதிரிச் சதுரம். 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் பின்னி, துவைத்து, காயவைத்து, எண்ணிப் பார்க்கச் சொன்னால், அந்த நேரத்தில் நிஜப் பொருளில் நாலு அங்குலம் முடித்திருக்கலாமே என்பார்கள். கணக்கைப் பாருங்கள். பேட்டர்னில் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்று போட்டிருக்கிறது, சுற்றளவு 100 சென்டிமீட்டருக்கு 200 கண்ணி. உங்கள் கை சற்று இறுக்கம், 10 சென்டிமீட்டரில் 22 கண்ணி விழுகிறது. இரண்டே கண்ணி வித்தியாசம். ஆனால் 200 கண்ணியும் 91 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஸ்வெட்டர் யாருக்காகப் பின்னினீர்களோ அவருக்கு ஏறாது. அரை மில்லிமீட்டர் பெரிய ஊசிக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும் விஷயம் இது. துவைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பின்னும்போது கண்ணிகள் கையின் இழுவையால் நெடுக்கே இழுபட்டு நிற்கின்றன. நனைந்ததும் உராய்வின் பிடி தளர்ந்து, ஒவ்வொன்றும் தன் இயல்பான வடிவத்துக்குத் திரும்புகிறது. புது பனியன் முதல் துவைப்பில் நீளம் குறைவதும் இதே காரணத்தால்தான். அதை முன்கூட்டியே கட்டுப்படுத்தத்தான் திருப்பூரில் துணியை நெடுக்கே அழுத்திச் சுருக்கிக் காம்பாக்டிங் செய்கிறார்கள். இன்னொன்று: ஸ்டாக்கினெட் கண்ணி சதுரமானதல்ல. 10 சென்டிமீட்டரில் அகலவாக்கில் 20 கண்ணி இருக்கும் துணியில் நெடுக்கே 28 வரிபோல் இருக்கும். இருபதுக்கு இருபது பின்னிவிட்டுச் சதுரம் வரவில்லையே என்று தேடுவதில் பயனில்லை.

குரோஷாவின் குட்டையான தையல்களில் ஒன்றான சிங்கிள் குரோஷா ஏறத்தாழச் சதுரம். அதிலிருந்து ஒரு நல்ல வடிவியல் கிடைக்கிறது. தட்டையான வட்டம் போட பெரும்பாலான பேட்டர்ன்கள் ஒரே வழி சொல்லும்: 6 தையலில் தொடங்கு, சுற்றுக்கு 6 கூட்டு, 6, 12, 18, 24. ஏன் ஆறு? ஒரு சுற்று போட்டால் ஆரம் ஒரு தையல் உயரம் கூடுகிறது. ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு இரண்டு பை, அதாவது 6.28 கூட வேண்டும். தையலின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம் என்பதால் அருகிலுள்ள முழு எண் ஆறு. தையல் இரு மடங்கு உயரமாக இருந்தால் சுற்றுக்குப் பன்னிரண்டு, டபுள் குரோஷா பேட்டர்ன்கள் சொல்வதும் அதைத்தான். கூட்டும் இடங்கள் சுற்றுக்குச் சுற்று ஒரே கோட்டில் விழுந்தால் வட்டத்துக்குப் பதில் அறுகோணம் தெரியும். சற்றுத் தள்ளித்தள்ளிக் கூட்டினால் போதும். ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் ஓரத்துக்குச் சுற்றளவு போதாமல் துணி கிண்ணமாகும், தொப்பியும் பொம்மைத் தலையும் அப்படித்தான் வருகின்றன. ஆறுக்கு மேல் கூட்டினால் ஓரம் இடம் போதாமல் அலையடிக்கும். 'என் வட்டம் ஏன் நெளிகிறது' என்பதற்கும் 'ஏன் குழிகிறது' என்பதற்கும் ஒரே எண்தான் பதில்.

அந்த நெளிவைப் பிழையாகக் கருதாமல், வேண்டுமென்றே தொடர்ந்தவர் கார்னல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டைனா டைமினா. யூக்ளிடின் இணைகோட்டு விதி செல்லாத அதிபரவளையத் தளத்தை மாணவர்கள் கையில் எடுத்துப் பார்க்கும்படி காட்ட, அதுவரை காகிதத் துண்டுகளை ஒட்டி மாதிரி செய்துவந்தார்கள். அவை எளிதில் கிழிந்துவிடும். 1997-இல் டைமினா அதைக் குரோஷாவில் போட்டார். செய்முறை ஒரே வரி: குறிப்பிட்ட எண்ணிக்கைத் தையலுக்கு ஒருமுறை ஒன்றைக் கூட்டு, எல்லா வரியிலும் அதே விகிதம். ஐந்து தையலுக்கு ஒன்று கூட்டினால் 20 தையலில் தொடங்கிய வரி பத்தாவது வரிக்குப் பிறகு சுமார் 124 தையலாகிவிடும், துணி பவளப்பாறை விளிம்புபோல் மடிந்து மடிந்து எழும். மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005-இல் தொடங்கிய குரோஷா பவளத்திட்டு இந்த உருவத்திலிருந்தே வளர்ந்தது. டைமினாவின் துணியில் நூலால் ஒரு நேர்கோடு தைத்து, அதற்கு வெளியே ஒரு புள்ளி வைத்தால், அந்தப் புள்ளி வழியாக முதல் கோட்டைத் தொடாத பல நேர்கோடுகளை மடித்துக் காட்டலாம். இதைச் செய்ய வேண்டிய திறமை செயின், சிங்கிள் குரோஷா, ஒரே கண்ணியில் இரண்டு தையல் போடுவது ஆகிய மூன்று மட்டும். குரோஷா ஊசியை எடுத்த முதல் வாரத்தில் இருப்பவரும் அதைப் போட்டுவிடலாம். சற்றுத் தடித்த, விறைப்பான நூலும் நூலின் அளவுக்குக் கொஞ்சம் சிறிய ஊசியும் எடுத்துக்கொண்டால் மடிப்புகள் துவளாமல் நிற்கும்.